மாவுப்புழுவை மட்டும் போட்டு கெக்கோ வளர்க்கலாமா?

உங்கள் லெப்பர்ட் கெக்கோ (வீட்டில் வளர்க்கும் ஒரு பல்லி வகை) மாவுப்புழுவை ஆசையாகத் தின்கிறது, பிறகு வேறு பூச்சி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசையாகத் தின்பது வேறு, உடம்புக்குப் போதுவது வேறு. நானும் லெப்பர்ட் கெக்கோதான் வளர்க்கிறேன். மாவுப்புழுவைக் கெட்ட இரை என்று சொல்ல மாட்டேன், அது மட்டுமே என்றால்தான் சிக்கல்.

மாவுப்புழு, சுவர்க்கோழி, டூபியா கரப்பான் எல்லாவற்றிலுமே பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. கெக்கோவுக்கு வேண்டியது நேர்மாறு. கால்சியமும் டி3 வைட்டமினும் போதாவிட்டால் உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். தாடை மெத்தென்று ஆகும், கால் வளையும், நடக்கும்போது நடுங்கும். அதனால் எந்தப் பூச்சியானாலும் கால்சியம் பொடியில் புரட்டித்தான் போட வேண்டும். கருப்பு சிப்பாய் ஈயின் புழு மட்டும் விதிவிலக்கு, அதில் இயல்பாகவே கால்சியம் நிறைய.

சுவர்க்கோழியையும் டூபியாவையும் மாற்றி மாற்றி முக்கிய இரையாகக் கொடுங்கள். நடுநடுவே மாவுப்புழு, சிப்பாய் ஈப் புழு, கிடைத்தால் பட்டுப்புழு. மெழுகுப்புழு வெறும் கொழுப்பு. எப்போதாவது ஒன்று போதும். அந்த ருசி பிடித்துவிட்டால் மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

இன்னொன்று, பலரும் இதைக் கவனிப்பதில்லை: பட்டினி கிடந்த பூச்சியில் கெக்கோவுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கொடுப்பதற்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பே பூச்சிக்குக் கீரை, கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று நல்ல தீனி போடுங்கள். வகை வகையாகக் கொடுப்பது என்பது பூச்சியின் வயிற்றுக்குள்ளிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, மாவுப்புழுவுக்கே பழகியதை எப்படி மாற்றுவது? அந்தி சாயும் நேரத்தில் முயன்று பாருங்கள், அப்போதுதான் அது வேட்டைக்கு எழும். ஒரு சுவர்க்கோழியை இடுக்கியில் பிடித்து, முகத்துக்குச் சற்றுத் தள்ளி மெல்ல நகர்த்துங்கள். தலை தாழும், கண் அதன் மேலேயே நிலைக்கும், வால் நுனி படபடவென்று அடிக்கும். அப்புறம் ஒரே பாய்ச்சல்! அதைப் பார்க்க எனக்கு இன்றும் சலிக்கவில்லை. முதல் நாளே தின்னாவிட்டால் பதற வேண்டாம். வால் தடிமனாக உள்ள, நன்கு வளர்ந்த கெக்கோ சில நாள் சாப்பிடாமல் தாங்கும், கொழுப்பைச் சேர்த்து வைப்பதே வாலில்தான். குட்டிக்கும் வால் மெலிந்ததற்கும் இந்தப் பிடிவாதப் பரீட்சை கூடாது. சாப்பிட மறுத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பூச்சியின் அளவு கெக்கோவின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைத் தாண்ட வேண்டாம். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. தின்னாமல் விட்ட சுவர்க்கோழியைக் கூண்டிலேயே விட்டுவிடாதீர்கள், தூங்கும் கெக்கோவையே அது கடிக்கும். வெகுநேரம் விட்டால் தன் மேல் இருக்கும் பொடியையும் அது துடைத்துக்கொள்ளும்.

வெளியில் பிடித்த பூச்சிகள் மட்டும் வேண்டவே வேண்டாம். பூச்சிமருந்தும் ஒட்டுண்ணிகளும் அவற்றோடு வரலாம். முக்கியமாக மின்மினிப் பூச்சி: அதன் உடம்பிலுள்ள நஞ்சு பல்லி இனங்களைக் கொல்லக்கூடியது, ஒன்றே ஒன்று தின்றாலும்.