ரூபாயில கணக்குப் போடாதீங்க, தங்கச்சி

கணவருக்கு தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல வேலை, எட்டு வயசிலயும் நாலு வயசிலயும் ரெண்டு பிள்ளைங்க, சம்பளத்தை ரூபாயா மாத்திப் பார்த்தா நல்லாத்தான் தெரியுது, சிக்கனமா இருந்தா பாதியை மிச்சம் பிடிச்சு ஊருக்கு அனுப்ப முடியுமா, பாதுகாப்பு எப்படி, தமிழ் வகுப்பு உண்டா, என்னென்ன சாமான் கொண்டு வரணும்னு கேட்டிருக்கீங்க. டிசம்பர் கடைசியில வந்து இறங்கப் போறதா எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வரிதான் என்னை உட்கார வெச்சு எழுத வைக்குது.

நாங்களும் ஒரு டிசம்பர்லதான் வந்தோம், 2005-ல. இப்போ இருக்கிற கிங் ஷாகா விமான நிலையம் 2010-லதான் திறந்தாங்க. அப்போ தெற்கே பழைய நிலையத்துல இறங்கணும். டிசம்பர் பாதியிலேர்ந்து ஜனவரி முதல் வாரம் வரை இந்த நாட்டுல பாதி ஆபீஸ் பூட்டித்தான் கிடக்கும். ஜோகன்னஸ்பர்க் ஜனமெல்லாம் கடலாட டர்பனுக்கு வந்துடும், தற்காலிகமா தங்குற வீட்டு வாடகை எல்லாம் ஏறிடும். கணவர் கம்பெனியில யாரும் போன் எடுக்கலை. வங்கியில கணக்குத் திறக்க வீட்டு விலாசச் சான்று கேட்டாங்க, வீட்டுக்காரங்க வங்கிக் கணக்கு கேட்டாங்க. கடைசியில, டர்பன்ல இந்திய வம்சாவளி ஜனங்க அதிகமா இருக்கிற சாட்ஸ்வர்த் பகுதியில ஒரு வீட்டுக்குப் பின்னால ஒற்றை அறை கிடைச்சுது. அவுட்பில்டிங்னு சொல்வாங்க. அதுலதான் பொங்கல் வெச்சோம்.

முடிஞ்சா பயணத்தை மாத்துங்க. மாத்த முடியாதுன்னா ரெண்டு மாசச் செலவைக் கையில வெச்சுக்கிட்டு விமானம் ஏறுங்க. இங்கே பலருக்கும் சம்பளம் 25-ஆம் தேதி வாக்குல வரும். டிசம்பர் சம்பளத்தை மட்டும் பண்டிகைக்காக முன்னாடியே கொடுத்துடுவாங்க. அப்புறம் ஜனவரி 25 வரைக்கும் அதை இழுக்கணும். நடுவுல பள்ளி திறக்கும், ஏன்னா இங்கே பள்ளி வருஷம் ஜனவரியிலதான் ஆரம்பம், நம்ம ஊர் மாதிரி ஜூன் இல்லை. கட்டணம், யூனிஃபார்ம், ஷூ, நோட்டுப் புத்தகம் எல்லாம் ஒரே வாரத்துல வந்து நிக்கும். பத்து வருஷமா இருக்கிறவங்களே ஜனவரின்னா முகம் சுளிப்பாங்க. முதல் சம்பளத்துக்குக் காத்திருக்கிற உங்களுக்கு அது இன்னும் நீளமான மாசம்.

வீட்டு முன்பணத்தைப் பற்றி ஒண்ணு. எங்க முதல் வீட்டுக்காரர் சுவர்ல ஆணி அடிச்ச ஓட்டையைக் காட்டி முன்பணத்துல பெரும்பகுதியைப் பிடிச்சுக்கிட்டார். அந்த ஓட்டை நாங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்தது. இங்கே வாடகை வீட்டுச் சட்டம் 1999-லேர்ந்து இருக்கு. முன்பணத்தை வட்டி வர்ற கணக்குல போட்டு வைக்கணும், குடி வரும்போதும் காலி பண்ணும்போதும் ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டைப் பார்த்துக் குறை எழுதணும், வட்டியும் குடியிருக்கிறவங்களுக்குத்தான். சாவி வாங்குற அன்னிக்கே எல்லா அறையையும் போன்ல படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வையுங்க. கோவிச்சுக்குவாரேன்னு தயங்காதீங்க.

இப்போ பாதி மிச்சம் கேள்வி. இந்த நாட்டுப் பணம் ராண்டு. நாங்க வந்தப்போ ஒரு ராண்டுக்கு ஏழு ரூபாய் அளவுல கிடைச்சுது. 2023-ல அது நாலரைக்கும் கீழே போச்சு. அதாவது ராண்டுல சம்பளம் ஏறிக்கிட்டே வந்தாலும், ஊர்ல ஒவ்வொரு ராண்டோட மதிப்பும் மூணுல ஒரு பங்குக்கு மேல தேஞ்சு போச்சு. ஒவ்வொரு தக்காளியையும் ரூபாயா மாத்திப் பார்த்து வாங்காம நிக்கிற குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். வீட்டம்மா கொத்தமல்லிக்கட்டுக்குக் கணக்குப் பார்ப்பாங்க, அவங்க கணவர் அதே வாரத்துல தவணையில கார் எடுப்பார். சம்பளம் ராண்டு, செலவு ராண்டு, கணக்கும் ராண்டுலயே இருக்கட்டும். ஊருக்கு அனுப்புறது ஒண்ணுதான் ரூபாய்.

அனுப்புறதைச் சொன்னதால இதையும் சொல்லிடறேன். ஜி-20 நாடுகள்ல வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கட்டணம் அதிகம் பிடுங்குறது தென்னாப்பிரிக்காதான், உலக வங்கி போடுற ஒப்பீட்டுல இது தொடர்ந்து வருது. மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா அனுப்பினா கட்டணமே தின்னுடும். மூணு நாலு மாசம் சேர்த்து அனுப்புங்க. மாமியார்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, அதுதான் இதுல கஷ்டமான பகுதி.

நான் உண்மையா பயப்படுறது வேற ஒண்ணுக்கு. துணிக்கடையில காசு கட்டப் போனதும் அந்தப் பொண்ணு சிரிச்ச முகமா, "அக்கவுண்ட் இருக்கா? இல்லைன்னா இப்பவே திறந்து தர்றேன்"னு கேப்பா. ஆறு மாசத் தவணை, வட்டி கிடையாது. கேக்க இனிப்பாத்தான் இருக்கும். அதோட மாசாமாசம் ஒரு சேவைக் கட்டணம், ஒரு காப்பீடு, ஒரு "கிளப்" சந்தா ஒட்டிக்கிட்டு வரும். அப்புறம் நாற்காலிக் கடை, போன் கடை, பிள்ளைங்க விளையாட்டுச் சாமான் கடைன்னு ஒவ்வொண்ணுலயும் ஒரு அக்கவுண்ட். எல்லாம் டெபிட் ஆர்டர், அதாவது உங்க வங்கிக் கணக்குலேர்ந்து அவங்களே எடுத்துக்க நீங்க கொடுக்கிற அனுமதி. சம்பளம் விழுந்த அன்னிக்கு விடியறதுக்குள்ள ஒவ்வொருத்தரா வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. கணக்குல பணம் இல்லாம ஒண்ணு திரும்பினா அதுக்கும் வங்கி தண்டம் போடும். இங்கே பிறந்து வளர்ந்தவங்களே இதுல மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. கோர்ட் உத்தரவு வாங்கி சம்பளத்திலேயே பிடிக்கிற அளவுக்குப் போன வீடுகள் எனக்குத் தெரியும். எங்க பழைய தெருவுல ஒரு நம்ம ஊர்க் குடும்பம், ரெண்டு பேரும் நல்ல வேலை. ஊருக்குத் திரும்பும்போது விமான டிக்கெட்டுக்குக் கூட மத்தவங்ககிட்டக் கை நீட்டினாங்க.

"கடன் வரலாறு இல்லைன்னா வீட்டுக் கடன் கிடைக்காதே"ன்னு யாராவது சொல்வாங்க. அதுல உண்மை உண்டு. அதுக்கு ஒரே ஒரு சின்ன கிரெடிட் கார்டு போதும், மாசக் கடைசியில முழுசா கட்டிடுங்க. சாமான் அவசரம் இல்லைன்னா லே-பை இருக்கு. கடையிலயே பொருளை எடுத்து வெச்சுட்டு மாசாமாசம் கட்டுறது, வட்டி இல்லை, கடைசித் தவணை கட்டினதும் பொருள் கையில. நம்ம ஆளுங்க அதைக் கௌரவக் குறைச்சல்னு நினைக்கிறாங்க. எங்க வீட்டுப் பீரோவும் தையல் மிஷினும் அப்படி வந்ததுதான்.

கார் இல்லாம டர்பன்ல குடும்பம் நடத்துறது கஷ்டம், ஒண்ணு வேணும். ஆனா கார் விக்கிறவர் மாசத் தவணையைக் குறைச்சுக் காட்ட "பலூன்"னு ஒண்ணு போடுவார். விலையில ஒரு பங்கை அப்படியே கடைசிக்குத் தள்ளிடுறது. ஆறு வருஷம் கட்டி முடிச்ச பிறகு மொத்தமா அந்தத் தொகை உங்க முன்னால வந்து நிக்கும், அப்போ கார் மதிப்பு அதைவிடக் கீழே போயிருக்கவும் கூடும். பழைய காரை ரொக்கத்துக்கு வாங்குங்க. ஞாயித்துக்கிழமை கூடுற நம்மவங்க கூட்டத்துல யாரு என்ன கார்ல வர்றாங்கன்னு பார்க்கிறவங்க பார்த்துட்டுப் போகட்டும்.

மருத்துவக் காப்பீட்டைத் தள்ளிப் போடாதீங்க. 35 வயசுக்கு மேல முதல் தடவையா இங்கே மெடிக்கல் எய்ட்ல சேர்றவங்களுக்குத் தாமதத் தண்டம் உண்டு. நாலு வருஷம் வரை தாமதம்னா சந்தாவுல 5 சதவீதம் கூடுதல், அஞ்சுலேர்ந்து 14 வருஷம்னா 25 சதவீதம். ஊர்ல வெச்சிருந்த காப்பீடு கணக்குல வராது. இந்தத் தண்டம் ஒரு வருஷத்தோட போறதில்லை, கூடவே வரும். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 12 மாசம் வரை காத்திருக்கச் சொல்லலாம். கணவர் வயசைப் பார்த்து, வந்த முதல் மாசமே கம்பெனியில பேசுங்க.

சமையல்கட்டுக்கு வர்றேன், இது எனக்குப் பிடிச்ச இடம். இங்கே மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதம், 2018 வரைக்கும் 14-ஆ இருந்தது. ஆனா ஏழை வீட்டுச் சாப்பாட்டுக்கு வரி கிடையாது. அரிசி, உலர்ந்த பருப்பு பயறு, மீலி மாவுன்னு சொல்ற மக்காச்சோள மாவு, சாம்ப்னு சொல்ற உடைச்ச மக்காச்சோளம், முட்டை, பால், காய்கறி, பழம், சமையல் எண்ணெய், டின் பில்சர்ட் மீன், பிரவுன் பிரெட். கேக் மாவுன்னு சொல்ற மைதாவும் 2019-லேர்ந்து இதுல சேர்ந்திருக்கு. வெள்ளை பிரெட்டுக்கு வரி உண்டு, கோழிக்கு உண்டு, பிஸ்கட்டுக்கு உண்டு. பட்டியலைப் பார்த்தீங்களா? பாதி நம்ம வீட்டுச் சமையல்தான். நம்மளை மாதிரி பருப்பும் கீரையும் சாப்பிடுறவங்களுக்கு அரசாங்கமே தள்ளுபடி தருது. நம்ம ஆளுங்க இங்கே வந்ததும் பாக்கெட் சப்பாத்தி, உறைஞ்ச பரோட்டான்னு வாங்கி வரியும் சேர்த்துக் கட்டுறாங்க.

சாட்ஸ்வர்த்ல பங்களாதேஷ் மார்க்கெட்னு ஒண்ணு இருக்கு. வெள்ளியும் சனியும் போங்க. பச்சை டபுள் பீன்ஸ், முருங்கை, சேப்பங்கிழங்கு, கறிவேப்பிலை, சிவப்புத் தண்டுக்கீரை எல்லாம் இருக்கும். கீரைன்னு கேட்டா முழிப்பாங்க, ஹெர்ப்ஸ்னு கேளுங்க. மொத்தமா வேணும்னா விடியக்காலையில கிளேர்வுட் மொத்த மார்க்கெட். ரெண்டு மூணு குடும்பமா சேர்ந்து உருளைக்கிழங்கு, வெங்காயம் மூட்டையா எடுத்துப் பிரிச்சுக்குங்க. நான் ஜுலு வியாபாரி அம்மாக்கள்கிட்ட "சவுபோனா மாமா"ன்னு (ஜுலுவுல மாமான்னா அம்மா) வணக்கம் சொல்லிட்டுத்தான் விலையே கேப்பேன். ஒரு கைப்பிடி கூடவே விழும். இருபது வருஷம் இருந்தும் ஒரு ஜுலு வார்த்தை தெரியாதவங்க நம்ம கூட்டத்துல உண்டு, அவங்கதான் விலை ஜாஸ்தின்னு புலம்புறதும்.

இதெல்லாம் எனக்குக் கத்துக் கொடுத்தது அந்த அவுட்பில்டிங்குக்குப் பக்கத்து வீட்டு ஆயா. இங்கேயே பிறந்தவங்க. 1860-லேர்ந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல்ல வந்தவங்களோட பேத்தி வழி. பிறந்தது மேகசின் பேரக்ஸ், டர்பன் நகராட்சித் தொழிலாளிங்க குடியிருந்த வரிசை வீடுங்க. இனவாரியாக் குடியிருப்பைப் பிரிக்கிற சட்டம் வந்து, அறுபதுகள்ல அந்த ஜனத்தை எல்லாம் சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்த்துட்டாங்க. ஆயாவுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும், அதுவும் பாட்டுல. ஆனா பின்கட்டுல கால் சென்ட் நிலத்துல பச்சை மிளகாய், பூசணி, முருங்கை, கறிவேப்பிலை எல்லாம் நிக்கும். சுகர் பீன்ஸ்ல கறி, டின் மீன்ல புளிக்குழம்பு, ஜூன் ஜூலையில கரையோரம் சாளை மீன் கூட்டம் வரும்போது வாளி நிறைய வாங்கி உப்பு மஞ்சள் தடவிக் காய வைப்பாங்க. வெந்நீர் கீஸரை ராத்திரி அணைச்சிடுவாங்க, காலையில ஒரு மணி நேரம்தான் போடுவாங்க. என்கிட்டயும் அதையே செய்யச் சொன்னாங்க. 3 கிலோவாட் கம்பி உள்ள தொட்டி அது, வீட்டு மின்சாரத்துல பெரும்பங்கை அதுதான் தின்னும். டர்பன் வெயிலுக்கு ராத்திரி முழுக்க அது கொதிக்கத் தேவையே இல்லை. ப்ரீபெய்ட் மீட்டர்ல யூனிட் குறையறதைக் கண்ணால பார்த்தா உங்களுக்கே புத்தி வந்துடும். நகராட்சி மின்கட்டணம் ஜூலை 1-ல ஏறும், அந்த மாசத்தைக் கணக்குல வெச்சுக்குங்க.

2021 ஜூலையில கலவரம் வந்து கடைங்க கொள்ளை போனப்போ, பிரெட்டுக்கும் பாலுக்கும் ஜனம் மணிக்கணக்கா வரிசையில நின்னுச்சு. எங்க வீட்டு அலமாரியில அரிசியும் பருப்பும் இருந்தது, பக்கத்து வீட்டுக்கும் அளந்து கொடுத்தேன். ஆயா அப்போ உயிரோட இல்லை. அவங்க மருமக வந்து, "எங்க மாமியாரைப் பார்க்கிற மாதிரி இருக்கு"ன்னுட்டுப் போனா.

சேமிப்புக்கு ஸ்டோக்வெல்னு ஒரு முறை இருக்கு. கறுப்பின மக்கள் மத்தியில பெரிய அளவுல ஓடுது, நம்ம சீட்டு மாதிரியேதான். நான் கூட வேலை பார்த்த பெண்களோட மளிகை ஸ்டோக்வெல்ல இருந்திருக்கேன். வருஷம் பூரா போட்டு டிசம்பர்ல மொத்த விலைக்கு வாங்கிப் பிரிச்சுக்குவோம். முகம் தெரிஞ்சவங்களோட மட்டும் சேருங்க. போன்ல வர்ற "பத்து நாள்ல இரட்டிப்பு" ஸ்டோக்வெல் எல்லாம் மோசடி. சிரிக்காதீங்க, அதுல ரெண்டு படிச்ச தமிழ்க் குடும்பம் போச்சு.

பாதுகாப்பு தெருவுக்குத் தெரு மாறும், வீடு எந்தப் பக்கம்னு முடிவாகட்டும், அப்போ கேளுங்க. தமிழ் வகுப்பு கோயில்கள்ல நடக்கும், வந்தப்புறம் பார்த்துக்கலாம்.

சாமான்ல புளி, அப்பளம், பெருங்காயம்னு பெட்டியை ரொப்பாதீங்க, எல்லாம் இங்கே கிடைக்குது. மிக்ஸியும் கிரைண்டரும் கொண்டு வாங்க. மின்சாரம் நம்ம ஊர் மாதிரியே 230 வோல்ட், நம்ம ஊர் பெரிய 15 ஆம்பியர் மூணு முள் ப்ளக் இங்கே அப்படியே பொருந்தும், சின்ன ப்ளக்குக்கு மட்டும் அடாப்டர் வேணும். உங்க குக்கருக்குப் பொருந்துற கேஸ்கட் ரெண்டு எடுத்துக்குங்க. பிள்ளைங்க பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, கடைசி மதிப்பெண் அறிக்கை மூணையும் பெட்டியில போடாம கைப்பையில வையுங்க. பள்ளியில முதல்ல அதைத்தான் கேப்பாங்க.