ஹெவிவெயிட் ஜாம்பவான்களில் யார் உண்மையான நுட்பக்காரர்? கேள்வி பதில்

குத்துச்சண்டையின் மிக உயர்ந்த எடைப்பிரிவான ஹெவிவெயிட்டில் ஆடிய வீரர்களின் நுட்பம் பற்றி மட்டும் கேளுங்கள். வெவ்வேறு காலத்தில் ஆடிய இருவர் மோதினால் யார் ஜெயிப்பார் என்று கேட்டால் பதில் கிடையாது, எனக்கு ஜோசியம் தெரியாது.

கேள்வி: சுத்தமான டெக்னிக் என்று பார்த்தால் முதலிடம் யாருக்கு?

ஜோ லூயிஸ். அவர் கையை ஓங்கியே அடிக்க மாட்டார். தாடைக்குப் பக்கத்தில் இருக்கும் கை அங்கிருந்தே நேராகப் போகும், அதனால் எதிராளிக்கு முன்கூட்டியே எந்தத் துப்பும் கிடைக்காது. கால்களையும் கவனியுங்கள். குதிப்பது கிடையாது, அரை அடி அரை அடியாக நகர்வார். எதிராளி நாலு பக்கமும் ஓடிக்கொண்டிருப்பார், திடீரென்று முதுகில் கயிறு இடிக்கும். 1937 முதல் 1949 வரை பட்டம் அவர் கையில். 25 முறை தக்கவைத்தார்.

அவரிடமும் ஓட்டை இருந்தது. ஜாப் (முன்னால் இருக்கும் கையால் விடும் நேர்க்குத்து) போட்ட இடது கையைப் போன வழியிலேயே திருப்பாமல் தாழ்த்திக் கொண்டுவருவார். அதை மேக்ஸ் ஷ்மெலிங் கண்டுபிடித்தார். 1936-ல் அந்தக் கை இறங்கும் ஒவ்வொரு முறையும் அதற்கு மேலாகத் தன் வலது கையை விட்டார். 12-ஆம் ரவுண்டில் லூயிஸ் நாக் அவுட். 1938-ல் மறுபடி மோதியபோது முதல் ரவுண்டிலேயே ஷ்மெலிங்கின் கதை முடிந்தது.

கேள்வி: உச்சத்தில் இருந்த மைக் டைசனும் உச்சத்தில் இருந்த முகமது அலியும் மோதினால்?

மேலே படிக்கவும்.

கேள்வி: டைசனுக்கு இருந்தது வெறும் முரட்டு பலம்தானே?

இல்லவே இல்லை. இரண்டு கைகளும் கன்னத்தோடு, தலை ஒரு நொடிகூட நடுக்கோட்டில் நிற்காது. பயிற்சியாளர் கஸ் டமாட்டோ ஊட்டிய பாணி அது. ஜாபைத் தவிர்க்கப் பக்கவாட்டில் சாயும்போதே உடல் எடை ஒரு காலுக்குப் போய்விடும், எழும்போது அந்த எடை முழுதும் ஹூக்கில் (கையை வளைத்துப் பக்கவாட்டில் விடும் குத்தில்) ஏறிவிடும். தப்பிப்பதும் அடிப்பதும் அவருக்கு ஒரே அசைவு. வலது கையால் விலாவில் ஒரு ஹூக், அதே வலது கையால் உடனே தாடைக்கு அப்பர்கட், அதாவது கீழிருந்து மேலே ஒரு குத்து. விலாவைக் காக்கக் கை இறங்கியதும் தாடை திறந்துவிடும். இதற்குப் பெயர் முரட்டு பலமா?

1988-ல் பயிற்சியாளர் கெவின் ரூனியை விட்டுப் பிரிந்த பிறகு தலை அசைவு குறைந்தது, ஒரே அடியில் முடிக்கும் ஆசை வந்தது. 1990-ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் ஜாபை விட்டுக்கொண்டே இருந்தார், நின்ற தலைமேல் அது விழுந்துகொண்டே இருந்தது.

பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து மூன்று நிமிட நாக் அவுட் தொகுப்புகளைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்காதீர்கள். முழு ரவுண்டு பாருங்கள். வர்ணனையை அணைத்துவிட்டுக் கால்களை மட்டும் பாருங்கள்.

கேள்வி: ராக்கி மார்சியானோ 49 சண்டையிலும் தோற்கவில்லை. அப்புறம் என்ன விவாதம்?

தோல்வி இல்லை என்பது சாதனைதான், அது நுட்பத்துக்கு அளவுகோல் ஆகாது. குட்டைக் கைகளை வைத்துக்கொண்டு பதுங்கி உள்ளே நுழையும் வித்தை அவரிடம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1952-ல் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் புள்ளியில் பின்தங்கியிருந்து, 13-ஆம் ரவுண்டில் ஒரே வலது கையால் தப்பித்தார். அந்தச் சண்டையில் பாடம் படிக்க வேண்டுமென்றால் வால்காட்டின் கால்களைப் பாருங்கள்.

கேள்வி: அலியின் பெயரையே எடுக்கவில்லையே, வேண்டுமென்றா?

கேட்டதால் சொல்கிறேன். பாடப்புத்தகப்படி பார்த்தால் அலியிடம் தப்புகள் அதிகம். கை இடுப்பில் தொங்கும், தலையை நேராகப் பின்னால் இழுப்பார், உடம்பில் அடிப்பதே அபூர்வம். இடது ஹூக்குக்கு அந்தத் தாடை திறந்தே கிடந்தது. 1963-ல் ஹென்றி கூப்பர் அதால் விழவைத்தார். 1971-ல் ஜோ ஃப்ரேசியர் 15-ஆம் ரவுண்டில் அதே அடியால் மல்லாத்தினார்.

அதே நண்பர்: அடியே படவில்லை என்றால் அது எப்படித் தப்பாகும்? 1966-ல் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸுடன் ஆடியதைப் பார்த்தீர்களா?

பலமுறை. சரி, நியாயமான கேள்வி. எதிராளியின் கை எங்கே முடியும் என்று அங்குலக் கணக்கில் தெரிந்து வைத்திருப்பதும் நுட்பம்தான், அதில் அலியை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அவருடைய தற்காப்பு முழுதும் காலில் இருந்தது. 1967-ல் தடை வந்து மூன்றரை வருடம் கழித்துத் திரும்பியபோது கால் பழைய மாதிரி இல்லை. அதே பின்சாய்வு, இப்போது அடி வாங்கியது. 1973-ல் பயிற்சியாளர் எடி ஃபட்ச், கென் நார்ட்டனுக்குச் சொன்ன உபாயம் எளிமையானது: அலி ஜாப் விடும்போது நீயும் ஜாப் விடு. தடுக்க வேண்டிய அலியின் வலது கை இடத்தில் இருக்காது. நார்ட்டன் ஜெயித்தார், அலியின் தாடை உடைந்தது.

இன்னொருவர்: அப்படியானால் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மேனை வென்றது அதிர்ஷ்டமா?

யார் அப்படிச் சொன்னது? 1974-ல் கயிற்றில் சாய்ந்து கிடந்ததை மட்டும்தான் எல்லோரும் பேசுகிறார்கள். முதல் ரவுண்டைப் பாருங்கள். ஜாப் இல்லாமல் நேரடியாக வலது கையை முதல் அடியாக விடுகிறார், அதுவும் திரும்பத் திரும்ப. பின்னால் இருக்கும் கை, தூரம் அதிகம், எதிராளிக்குத் தடுக்க நேரம் கிடைக்கும். அதனால்தான் தேர்ந்த ஆளிடம் யாரும் அப்படி ஆரம்பிப்பதில்லை. ஃபோர்மேனும் அதை எதிர்பார்க்கவில்லை. பிறகு பக்கத்தில் வரும்போதெல்லாம் கழுத்தைப் பிடித்துக் கீழே அழுத்தினார். அவ்வளவு பெரிய ஆளுக்கு அது எவ்வளவு களைப்பு தரும் என்று யோசியுங்கள். 8-ஆம் ரவுண்டில் முடிந்தது.

அதே நண்பர்: ஆக, அலிதான் முதலிடம் என்று ஒத்துக்கொள்கிறீர்கள்?

இல்லை. இளம் வீரனுக்குக் காட்டிக் கற்றுக்கொடுக்க லூயிஸின் கை உதவும். அலியின் கையைப் பார்த்துக் கற்றவன் முதல் மாதமே மூக்கை உடைத்துக்கொள்வான். இத்துடன் அலி பேச்சு போதும்.

கேள்வி: சிறந்த ஜாப் யாருடையது?

லாரி ஹோம்ஸ். அடிக்க, தூரம் பார்க்க, வருபவரைத் தடுக்க, தாளத்தைக் கெடுக்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கை. அலியின் நிழலில் வந்ததால் பாவம், உரிய பெயர் கிடைக்கவில்லை.

கேள்வி: கிளிட்ச்கோ கட்டிப்பிடித்தே ஜெயித்தவர்தானே?

விளாடிமிரைச் சொல்கிறீர்கள். பார்க்கச் சலிப்புதான். ஆனால் கிளிஞ்சும், அதாவது அப்படிக் கட்டிப்பிடித்து எதிராளியை அடக்குவதும், ஒரு கலை. நூறு வருடத்துக்கு முன்பே ஜாக் ஜான்சன் அதை வைத்தே எதிராளிகளை ஆட்டிப்படைத்தார்.

கேள்வி: டைசன் மாதிரி கழுத்து வர என்ன உடற்பயிற்சி?

பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: டைசனும் உசிக்கும் மோதினால்?

மூன்றாவது முறையாக: மேலே படிக்கவும்.

கேள்வி: இன்றைய ஆட்களில் பழையவர்கள் பக்கத்தில் நிற்கக்கூடியவர் உண்டா?

ஒலெக்சாண்டர் உசிக். இடதுகை வீரர், கீழ் எடைப்பிரிவிலிருந்து ஏறி வந்தவர். தன் முன்காலை எதிராளியின் முன்காலுக்கு வெளிப்பக்கம் வைப்பதற்காகவே ரவுண்டு முழுவதும் சின்னச் சின்னதாக நகர்ந்துகொண்டிருப்பார். அந்த இடம் கிடைத்தால் இடது கைக்கு நேர்வழி திறக்கும். 2024 மே மாதம் டைசன் ஃபியூரியுடன் நடந்த சண்டையின் 9-ஆம் ரவுண்டைப் பாருங்கள். தன்னைவிட அரை அடி உயரமான ஆளை இடது கையால் நிலைகுலைய வைத்து, கயிற்றுக்குக் கயிறு தள்ளாட விட்டார். விழாமல் கயிறு தாங்கியதால், அதையே வீழ்ச்சியாகக் கணக்கிட்டு நடுவர் எண்ண ஆரம்பித்தார். அந்த முதல் இடது கைக்குச் சற்று முன்னால் நிறுத்தி, இருவரின் பாதமும் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.