வைரஸ் போகப் போகச் சாதுவாகிவிடுமா? – கேள்வி பதில்

கொரோனா திரிபுகள் (உருமாறிய வைரஸ் வகைகள்) பற்றிக் கேட்டவர்களுக்கான பதில்கள் இவை. நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. வைத்தியம் பார்ப்பதில்லை.

ஈரோடு ஆசிரியை: மேடம், ஆல்ஃபா, டெல்டா, ஒமிக்ரான்னு வந்து இப்ப வெறும் சளிக் காய்ச்சல் ஆயிடுச்சே. வைரஸ் வீரியம் குறைஞ்சுட்டே வருதுன்னுதானே அர்த்தம்?

பதில்: நீங்கள் சொன்ன வரிசையையே பாருங்கள். 2020 கடைசியில் பிரிட்டனில் தெரியவந்த ஆல்ஃபா, அதற்கு முன் பரவியதைவிடக் கொடியது. அடுத்து, நம் நாட்டில் முதலில் கண்டறியப்பட்ட டெல்டா. ஆல்ஃபா தொற்றியவர்களைவிட டெல்டா தொற்றியவர்கள் ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு ஏறக்குறைய 2 மடங்கு என்றது இங்கிலாந்துக் கணக்கு. 2021 மே மாதம் ஆக்சிஜன் சிலிண்டருக்கு அலைந்தவர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். வீரியம் இரண்டு முறை ஏறிவிட்டுத்தான் ஒமிக்ரானில் இறங்கியது. அந்த ஒமிக்ரானும் டெல்டாவின் வாரிசு இல்லை. முன்னாலேயே பிரிந்துபோன வேறு கிளை. அடுத்த திரிபும் எந்தக் கிளையிலிருந்தும் வரலாம்.

ஒமிக்ரான் டெல்டாவைவிட வீரியம் குறைந்தது என்பது நிஜம். ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் மனிதத் திசுக்களில் வளர்த்துப் பார்த்தார்கள். மூச்சுக்குழாயில் டெல்டாவைவிட சுமார் 70 மடங்கு வேகமாகப் பெருகியது. நுரையீரல் திசுவில் மந்தமாக இருந்தது. ஆனால் அது எப்படிப்பட்ட உடம்புகளுக்குள் வந்தது? 2021 ஜூன், ஜூலையில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நம் நாட்டில் எடுத்த ரத்த ஆய்வில் 67.6 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே எதிர்ப்பணுக்கள் இருந்தன. அதற்குப் பிறகு தடுப்பூசி வேறு. அந்தக் கவசம் இல்லாத இடத்தில் என்ன நடந்தது? அதே ஹாங்காங்கில் முதல் இரண்டு ஆண்டுகளில் இறந்தவர்கள் 200 சொச்சம். 2022 தொடக்கத்தில் ஒமிக்ரான் நுழைந்ததும் சில மாதங்களில் 9,000-க்கும் மேல். பெரும்பாலானோர் தடுப்பூசி போடாத முதியவர்கள். ‘லேசான’ திரிபு செய்த வேலை அது.

கோவை பொறியாளர்: ஆளைக் கொன்னுட்டா வைரஸும் பரவ முடியாதே? அதனால லேசானதுதானே ஜெயிக்கும்?

பதில்: சாவுக்கு முன்னாலேயே பரவி முடித்துவிட்டால்? கொரோனா அதிகம் தொற்றுவது அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பும், அதையொட்டிய நாட்களிலும். உயிர் போவது பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் கழித்து. அதற்குள் வைரஸ் அடுத்த ஆளிடம் போய்விட்டது. நோயாளி பிழைத்தாரா என்பது அதன் கணக்கிலேயே இல்லை.

நாகர்கோவில் வாசகர்: ஆஸ்திரேலியாவில் முயல்களைக் கொல்ல விட்ட மிக்சோமா வைரஸ் சாதுவாகிவிட்டதே! இது பாடப்புத்தக உதாரணம். இதை ஏன் மறைக்கிறீர்கள்?

பதில்: நல்ல உதாரணம், முழுக்கச் சொல்லலாம். 1950-இல் விட்டார்கள். தொடக்கத்தில் 100 முயலுக்கு 99-க்கு மேல் செத்தன. சில ஆண்டுகளில் 70 முதல் 95 சதவீதம் கொல்லும் ரகங்கள் மேலோங்கின. ஆஸ்திரேலிய வைரஸ் ஆய்வாளர் ஃபிராங்க் ஃபென்னர் குழுவினர் இதை வருடக்கணக்காக அளந்தார்கள். காரணம் கொசு. முயலின் தோல் புண்ணிலிருந்து கொசுதான் வைரஸை எடுத்துப்போகும். சீக்கிரம் செத்த முயலைக் கடிக்கக் கொசுவுக்கு நாள் போதாது. சீக்கிரம் ஆறிய புண்ணில் வைரஸ் போதாது. நடுவில் நின்றதே ஜெயித்தது. அந்த ‘நடு’வே பத்துக்கு ஏழுக்குக் குறையாத சாவு!

திருச்சி வாசகர்: எங்க வீட்ல எல்லாருக்கும் ரெண்டு நாள்ல சரியாயிடுச்சு. அப்ப லேசானதுதானே?

பதில்: ஈரோடு ஆசிரியைக்குச் சொன்னதேதான். உங்கள் உடம்பு முன்பே பழகியது.

சென்னை வாசகி: காய்ச்சல் வந்த அன்னைக்கே டெக்சாமெத்தசோன் போட்டுக்கலாமா?

பதில்: கூடாது. அது ஸ்டீராய்டு மருந்து. டாக்டரைப் பாருங்கள். ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்குத்தான் அது பலன் தந்தது. மற்றவர்களுக்குக் கெடுதலாகக்கூட இருக்கலாம். இரண்டாம் அலையில் ஸ்டீராய்டைக் கண்டபடி கொடுத்ததும் சர்க்கரை ஏறியதும் சேர்ந்துதான் கருப்புப் பூஞ்சைக்கு வழிவிட்டன. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

நாகர்கோவில் வாசகர்: ஆனாலும் முயல்கள் இன்று பிழைக்கின்றனவே. கடைசியில் சமாதானம்தானே?

பதில்: பிழைப்பதற்குப் பெரிய காரணம் முயல் மாறியது. தாங்காதவை செத்து, தாங்கியவை குட்டி போட்டன. அப்புறம் வைரஸ் சும்மா இருந்ததா? 1990-களில் பிடித்த சில ரகங்களை, எதிர்ப்பாற்றல் பெறாத ஆய்வுக்கூட முயல்களுக்குச் செலுத்தினார்கள். நோயெதிர்ப்பே முடங்கி அவை செத்தன. போட்டி ஓயவில்லை. மனிதர்களில், பெரியம்மையின் கொடிய ரகம் 20-ஆம் நூற்றாண்டிலும் பத்தில் மூன்று பேரைக் கொன்றது. அதைத் தடுப்பூசிதான் ஒழித்தது.

மதுரை வாசகர்: ஸ்பானிஷ் ஃப்ளூ தானாகத்தானே அடங்கியது?

பதில்: 1918-இல் முதல் அலை லேசு, இலையுதிர்காலத்தில் வந்த இரண்டாம் அலைதான் கோடிக்கணக்கில் கொண்டுபோனது. அடங்கியது அதற்கப்புறம்.

தஞ்சாவூர் வாசகர்: அப்பாவுக்கு 74 வயசு, சர்க்கரை உண்டு. புதுத் திரிபு லேசானதுன்னு விட்டுடலாமா?

பதில்: வேண்டாம். காய்ச்சலோடு மூச்சு வாங்கினாலோ, ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். எந்தத் திரிபு என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தடுப்பூசி பற்றி இப்போதே அவருடைய டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.