கார் கேள்வி – பதில்: கிளியர் கோட்டும் கிளட்ச்சும்

கேள்வி: என் கறுப்பு காருக்கு மூன்று வயது. நிழலில் கண்ணாடி மாதிரி இருக்கிறது. வெயிலில் நிறுத்தினால் பானட் முழுக்கச் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல் தெரிகிறது. பாலிஷ் போட்டால் போகுமா? மெஷின் வாங்கி நானே போடலாமா?

பதில்: போகும், நீங்களே போடலாம். ஆனால் பாலிஷ் என்பது பூசுகிற வேலை இல்லை, தேய்த்து எடுக்கிற வேலை. தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதற்கு மேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியாக நிறமில்லாத கிளியர் கோட். தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்த்துப் பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான் இருக்கும். கிளியர் கோட்டின் பங்கு அதில் 35 முதல் 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியே சுமார் 70 மைக்ரான். கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியர் கோட்டை இறக்கினால்தான் கீறல் மறையும். இறக்கியது திரும்ப வராது. மெலிந்துபோன கிளியர் கோட் சில வருட வெயிலில் வெளுத்து உரியும்.

கீறல்கள் உண்மையில் வட்டமாக இல்லை. கழுவும்போதும் துடைக்கும்போதும் துணியில் ஒட்டிய மண் எல்லாத் திசையிலும் கோடு போட்டிருக்கிறது. ஒளிக்குக் குறுக்கே அமைந்த கோடுகள் மட்டும் மின்னுவதால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்டம் போலத் தெரிகிறது. முதலில் நகத்தைக் கீறலின் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். நகம் தட்டினால் அது பாலிஷில் முழுதாகப் போகாத ஆழம்; ஓரத்தை மழுக்கி, கண்ணில் படாமல் செய்யலாம். அதோடு விட்டுவிடுங்கள்.

வேலையில் பாதி மெஷினைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொன்றில் அழுக்கை அலச வெறும் தண்ணீர் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத் துகளைக் கரைக்கும் ஸ்பிரேயை அடித்தால் சில நிமிடங்களில் ஊதா நிறமாக வழியும். காய விடாமல் அலசுங்கள். இப்போது கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்கு வழவழப்பாக இருந்த இடம் மணல்தாள் மாதிரி நரநரக்கும். அதை எடுப்பதற்குத்தான் கிளே பார் என்ற களிமண் போன்ற கட்டி. தாராளமாக லூப்ரிகன்ட் தெளித்து, அழுத்தாமல் ஓட்டுங்கள். தரையில் விழுந்த கிளே துண்டைத் தூக்கி எறிந்துவிடுங்கள். மறுபடி எடுத்தால் அதில் ஒட்டிய மண்ணே புதுக் கீறல் போடும்.

புதிதாகப் பழகுபவர்களுக்கு டியூயல் ஆக்‌ஷன் மெஷின்தான் சரி. பேட் சுழன்றுகொண்டே அதிர்வதால் சூடு ஓரிடத்தில் குவியாது. சுழல மட்டும் செய்யும் ரோட்டரி மெஷின் வேகமாக வெட்டும். ஆனால் கை பழகாதவர் ஓரிடத்தில் நிறுத்தினால் சில விநாடிகளில் பெயிண்ட் எரிந்துவிடும். எரியாவிட்டாலும் வெயிலில் மூன்று பரிமாணப் படம் போல நெளியும் கோடுகளை விட்டுவைக்கும்.

காரை நிழலில் நிறுத்தி, பானட் கைக்குக் குளிர்ந்த பிறகு தொடங்குங்கள். ரப்பர் ஓரம், கறுப்பு பிளாஸ்டிக், எழுத்துகள் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். 5 அங்குல நடுத்தர ஃபோம் பேடில் பட்டாணி அளவில் நான்கு சொட்டு மென்மையான பாலிஷ் வையுங்கள். குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, 4 அல்லது 5-ஆம் வேகத்துக்கு ஏற்றுங்கள். கை நகர்வது விநாடிக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர்தான். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையில் பாதியை மூட வேண்டும். இடவலமாக ஒரு தடவை, மேலும் கீழுமாக ஒரு தடவை என்று மாற்றி மாற்றி மொத்தம் நான்கிலிருந்து ஆறு தடவை. துடைத்துவிட்டு எல்.இ.டி. டார்ச் அடித்துப் பாருங்கள். கீறல் போயிருந்தால் கார் முழுவதற்கும் அதே கூட்டணி போதும். போகாவிட்டால் மட்டும் கனமான பேட், பாலிஷைவிட அதிகம் வெட்டும் காம்பவுண்ட் என்று ஏறுங்கள். எடுத்ததும் காம்பவுண்டில் கை வைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு.

பேடின் பின்தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது கோடு சுற்றுவது தெரிய வேண்டும். நின்று அதிர்ந்தால் நீங்கள் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள், அல்லது அதிகம் அழுத்துகிறீர்கள்; கீறல் போகாது, சூடு மட்டும் ஏறும். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பிரஷ்ஷால் பேடைச் சுத்தம் செய்யுங்கள். வெள்ளைத் தூள் பறந்தால் பேட் நிறைந்துவிட்டது அல்லது பாலிஷ் காய்ந்துவிட்டது என்று பொருள். கதவு விளிம்பு, பானட்டின் மடிப்புக் கோடு போன்ற இடங்களில் பெயிண்ட் இயல்பாகவே மெலிந்திருக்கும். அங்கே நிற்காமல் கடந்துவிடுங்கள். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் தகடு மாதிரி சூட்டைக் கடத்தாது. ஒரு படி வேகம் குறைத்து ஓட்டுங்கள். கறுப்பு பெயிண்ட் சிலவற்றில் கிளியர் கோட் மென்மையாக இருந்தால் முதல் சுற்றுக்குப் பின் மெல்லிய மூட்டம் தெரியும். பயப்பட வேண்டாம், ஃபினிஷிங் பேடில் மென்மையான பாலிஷ் வைத்து அழுத்தாமல் ஓட்டினால் தெளிந்துவிடும்.

கேள்வி: கடையில் பாலிஷ் போட்டு வந்த அன்று புதுக் கார் போல இருந்தது. மூன்று தடவை கழுவியதும் எல்லாக் கீறலும் திரும்பிவிட்டன. எப்படி?

பதில்: கீறல் போகவே இல்லை, மூடப்பட்டிருந்தது. எண்ணெயும் நிரப்பியும் கலந்த கிளேஸ் கீறலின் பள்ளத்தை நிரப்பி மறைக்கும். ஷாம்பு அதைக் கழுவியதும் பள்ளம் வெளியே வரும். அடுத்த முறை காரை எடுக்கும் முன், 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஒரு பகுதியை அங்கேயே துடைக்கச் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகும் தெளிவாக இருந்தால் வேலை உண்மையாக நடந்திருக்கிறது.

கேள்வி: செராமிக் கோட்டிங் போட்டால் இனிக் கீறலே விழாது என்கிறார்களே?

பதில்: நம்பாதீர்கள். காய்ந்த பின் அதன் தடிமன் ஓரிரண்டு மைக்ரான்தான். மண் ஒட்டிய துணியால் தேய்த்தால் கோட்டிங்கின் மேலும் கீறல் விழும். அதன் உண்மையான பலன்கள் வேறு: தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு எளிதில் விடும், பறவை எச்சத்தின் அமிலம் பெயிண்ட்டை எட்டக் கொஞ்சம் நேரமாகும். கீறலோடு கோட்டிங் போட்டால் கீறலும் உள்ளே பத்திரமாக இருக்கும். ஆகவே முதலில் பாலிஷ், பிறகு ஆல்கஹால் துடைப்பு, பிறகுதான் கோட்டிங். பூசிய இடத்தில் வானவில் நிறம் எழுந்ததும் துடைத்துச் சமன் செய்ய வேண்டும். தாமதித்தால் திட்டாக இறுகிவிடும், திரும்பப் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். முதல் நாள் தண்ணீர் படக் கூடாது. ஒரு வாரம் ஷாம்பு வேண்டாம்.

கேள்வி: தினமும் ஊர்ந்து போகும் நெரிசலில் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறேன். மாதம் ஒரு முறை மலைப் பாதை. மேனுவலை விட்டு ஆட்டோமேட்டிக்குக்கு மாற நினைக்கிறேன். ஏ.எம்.டி., சி.வி.டி., டி.சி.டி., டார்க் கன்வர்ட்டர் என்று நான்கு பெயர் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு டார்க் கன்வர்ட்டர். காரணத்தைத் தெரிந்துகொண்டால் மற்ற மூன்றையும் நீங்களே எடைபோடலாம். எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்க, சக்கரம் நிற்கும் நிலையிலிருந்து கார் கிளம்பும்போது நடுவில் ஏதோ ஒன்று வழுக்கியாக வேண்டும். வழுக்கினால் சூடு பிறக்கும். அந்தச் சூடு எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

டார்க் கன்வர்ட்டரில் வழுக்குவது எண்ணெய். சூடான எண்ணெய் கூலருக்குப் போய் ஆறித் திரும்புகிறது. தேய்வதற்கு அங்கே பிளேட் இல்லை. வேகம் பிடித்ததும் உள்ளே இருக்கும் லாக்-அப் கிளட்ச் பூட்டிக்கொள்வதால் நெடுஞ்சாலையில் வீண் வழுக்கலும் இல்லை. ஏ.எம்.டி. என்பது உங்கள் பழைய மேனுவல் கியர்பாக்ஸேதான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் உங்களுக்குப் பதிலாக ஆக்சுவேட்டர் என்ற இயக்கி செய்கிறது. எளிமையான அமைப்பு, மைலேஜும் நன்றாக வரும். ஆனால் வழுக்குவது காற்றில் மட்டுமே ஆறும் ஒற்றை உலர் பிளேட். கியர் மாறும் நேரத்தில் இழுவை நின்று, தலை முன்னே ஆடும். மலையில் முந்தும்போது அந்த இடைவெளி உறுத்தும்.

டி.சி.டி.யில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. அடுத்த கியர் தயாராகவே காத்திருப்பதால் மாறுவது மின்னல் வேகம். 2003-இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 காரில் வந்த அமைப்பின் கிளட்ச்சுகள் எண்ணெயில் நனைந்தவை. பிறகு உலர் கிளட்ச் வகைகளும் வந்தன. நெரிசலில் ஓட்டுபவர் டி.சி.டி. எடுத்தால் நனைந்த வகையா, உலர் வகையா என்று கேட்டுவிட்டே எடுங்கள். உலர் என்றால் ஏ.எம்.டி.யின் சூட்டுப் பிரச்சினை இங்கும் உண்டு. கியர் படிகளே இல்லாமல் பெல்ட்டில் ஓடும் சி.வி.டி. நகருக்குள் வெண்ணெய், ஆனால் நீண்ட ஏற்றத்தில் முழு ஆளும் சுமையும் ஏற்றி ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடியே போவது அதற்குப் பிடிக்காது.

டெஸ்ட் டிரைவில் காலியான சாலையில் ஒரு சுற்று போய்வந்தால் ஒன்றும் தெரியாது. ஏற்றம் ஒன்றில் நிறுத்திக் கிளப்புங்கள். 5 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து பாருங்கள். 40-இல் போகும்போது சட்டென்று முழுதாக மிதித்து, எத்தனை விநாடியில் இழுக்கிறது என்று கவனியுங்கள். டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றிப் பார்க் செய்து பாருங்கள். பிடிக்காத குணம் இந்த நான்கில் தெரிந்துவிடும்.

கேள்வி: சி.வி.டி. காரில் மிதித்தால் எஞ்சின் அலறுகிறது, வேகம் பிறகுதான் வருகிறது. பழுதா?

பதில்: பழுது இல்லை, அதன் இயல்பு. படிப்படியான கியர் அதில் கிடையாது. விரிந்து சுருங்கும் இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஒரு பெல்ட். எஞ்சினை வலுவான ஆர்.பி.எம்.மில் நிறுத்திவிட்டு, விகிதத்தை மாற்றி வேகத்தை ஏற்றுகிறது. 1958-இல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் தன் சின்னக் காரில் ரப்பர் பெல்ட்டோடு இதைக் கொண்டுவந்தது. இன்றைய கார்களில் எஃகு பெல்ட். ஆக்ஸிலரேட்டரை முக்கால் பங்கோடு நிறுத்திப் பழகுங்கள், அலறல் பாதியாகும். ஒரே வேகத்தில் போகும்போது ஆர்.பி.எம். தானாக ஏறி இறங்கினாலோ, உதறினாலோ அது வேறு விஷயம், உடனே காட்டுங்கள்.

கேள்வி: ஏ.எம்.டி. காரில் ஏற்றத்தில் நெரிசலில் நின்றபோது கருகிய வாசனை வந்தது. கிளட்ச் போய்விட்டதா?

பதில்: ஒரு தடவை வாசனை வந்ததால் போயிருக்காது. ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து ஏற்றத்தில் காரைத் தாங்கி நிறுத்தியிருப்பீர்கள். கார் நிற்கும், பிளேட் மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும். பிரேக்கைப் பாதி விட்டு முழம் முழமாக நகர்வதும் அதே கேடுதான். பிரேக்கை முழுதாக மிதித்து நில்லுங்கள், முன்னால் ஒரு கார் நீளம் இடம் விட்ட பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். ஏற்றத்தில் கார் பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்ட் பெரும்பாலும் இரண்டு விநாடிதான் பிடிக்கும். அதை நம்பி நிற்காமல் ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். வாசனை வந்துவிட்டால் சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில் பதினைந்து இருபது நிமிடம் ஆற விடுங்கள்.

ஆறிய பின் காலியான நேர்ச்சாலையில் மேனுவல் மோடில் நான்காம் கியரில் மிதமான வேகத்தில் போய் முழுதாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். மட்டும் துள்ளினால் பிளேட் வழுக்குகிறது. இரண்டும் சேர்ந்தே ஏறினால் பிழைத்தது.

கேள்வி: மேனுவல் கார். இரண்டாம் கியர் காலையில் கரகரக்கிறது. கெட்டி ஆயில் ஊற்றினால் சரியாகும் என்கிறார்கள். ஜி.எல்.-5 ஊற்றலாமா?

பதில்: இவை கியர் ஆயிலின் தரக் குறியீடுகள். கையேடு ஜி.எல்.-4 என்று சொன்னால் ஜி.எல்.-5 வேண்டாம். எண் பெரிது என்பதால் மேலானது என்று பொருளில்லை. ஜி.எல்.-5-இல் கந்தகம், பாஸ்பரஸ் கலந்த சேர்க்கைகள் கூடுதல். அது பின் ஆக்ஸிலின் பல்சக்கரத்துக்கு நல்லது, ஆனால் கியர் விழும் முன் சுழலும் வேகத்தைச் சமன் செய்யும் சின்க்ரோனைசரின் பித்தளை வளையத்தைச் சில வகைகள் அரிக்கும். கெட்டி ஆயில் காலைக் குளிரில் கியரை இன்னும் கடினமாக்கும்.

முதலில் குற்றவாளி யார் என்று பாருங்கள். எஞ்சின் ஐடிலில் ஓட, கிளட்ச்சை முழுதாக மிதித்து ஐந்து விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். பல கார்களில் ரிவர்ஸுக்குச் சின்க்ரோனைசர் கிடையாது. அங்கேயும் கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை. கேபிள் அல்லது ஹைட்ராலிக் பக்கம் தேடுங்கள். ரிவர்ஸ் சத்தமின்றி விழுந்து இரண்டாவது மட்டும் கரகரத்தால் அந்தக் கியரின் சின்க்ரோனைசர் தேய்ந்திருக்கிறது.

ஆயில் மாற்றும்போது நிரப்பும் போல்ட்டை முதலில் கழற்றுங்கள். அது துருவேறிச் சிக்கிக்கொண்டால், வடித்த கியர்பாக்ஸை நிரப்ப வழியில்லாமல் நிற்பீர்கள். வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது சகஜம். ஊசி போன்ற துண்டோ பல்லின் சில்லோ ஒட்டியிருந்தால் ஆயிலால் தீராது. இரண்டு போல்ட்டுக்கும் புது வாஷர் போடுங்கள். சமதரையில் நிறுத்தி, நிரப்பும் துளையிலிருந்து வழியும் மட்டம் வரை ஊற்றுங்கள்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் ஆயில் வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம் என்கிறார்கள். 70,000 கி.மீ. ஆகிவிட்டது.

பதில்: மாற்றுங்கள். சூட்டில் ஓடும் எந்த எண்ணெயும் என்றென்றும் நிலைக்காது. நெரிசலில் ஓடும் காருக்கு 60,000 கி.மீ. ஒட்டி மாற்றுவது நியாயம். அழுத்தம் கொடுத்துக் கழுவும் முறையை, அதுவரை ஒரு தடவைகூட ஆயில் மாற்றாத கியர்பாக்ஸில் செய்ய விடாதீர்கள். அடியில் படிந்த துகள் கிளம்பி வால்வுகளின் நுண்ணிய வழிகளை அடைக்கலாம். வடித்து நிரப்பினால் போதும். கன்வர்ட்டருக்குள் நிற்கும் எண்ணெய் வராது என்பதால் ஒரு தடவையில் பாதிக்கும் குறைவாகவே மாறும். சில நூறு கி.மீ. ஓட்டிவிட்டு இன்னும் இரண்டு தடவை செய்யுங்கள். வடித்ததை அளந்து அதே அளவு ஊற்றுங்கள்; மட்டத்தைக் கையேடு சொல்லும் எண்ணெய்ச் சூட்டில் பாருங்கள். சி.வி.டி.க்கு அதற்கென உள்ள திரவம்தான். சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலான ஏ.டி.எஃப். ஊற்றினால் பெல்ட் பிடிக்க வேண்டிய உராய்வு கிடைக்காது.

கேள்வி: சிக்னலில் டி-யிலேயே நிற்கலாமா, என்-க்கு மாற்ற வேண்டுமா?

பதில்: அரை நிமிடம், ஒரு நிமிடம் என்றால் டி-யிலேயே, பிரேக்கை அழுத்தமாக மிதித்து நில்லுங்கள். ஏ.எம்.டி., டி.சி.டி. இரண்டிலும் பிரேக்கை முழுதாக மிதித்தால் கிளட்ச் விலகிக்கொள்ளும். அரைகுறையாக மிதித்தால் தேயும். நீண்ட நேரம் என்றால் என், ஹேண்ட் பிரேக். இறக்கத்தில் ஓடும்போது மட்டும் என்-க்குப் போகாதீர்கள். எஞ்சின் பிரேக்கிங் போய்விடும், மொத்தச் சுமையும் பிரேக் பேடில் விழும்.