வளைகால் நாற்காலிக்கு வச்சிரமே மருந்து

கேள்வி: தாத்தா காலத்து நாற்காலிகள் நாலு இருக்கின்றன. பலூன் போன்ற முதுகு, ‘எஸ்’ போல வளைந்த முன்கால்கள். துரைமார் விட்டுப்போன பிரெஞ்சு நாற்காலி என்கிறார்கள் பெரியவர்கள். ஒன்றின் கால் ஆடுகிறது. உப்புத்தாள் தேய்த்து, ஆணி அடித்து, வார்னிஷ் பூசிவிடலாம் என்கிறார் ஆசாரி. செய்யலாமா?
– வாசகி, பழையபேட்டை, கிருஷ்ணகிரி

பதில்: முதலில் ஆசாரி கையிலிருந்து உப்புத்தாளை வாங்கி வையுங்கள்!

பெரியவர்கள் சொல்வது பாதி சரி. வளைகால், பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயி காலத்துப் பாரிஸில் கொடிகட்டிப் பறந்த பாணி. லண்டன் தச்சர் தாமஸ் சிப்பண்டேல் 1754-ல் வெளியிட்ட மாதிரிப் புத்தகத்திலேயே ‘பிரெஞ்சு நாற்காலி’ உண்டு. ஆனால் பலூன் முதுகு விக்டோரியா ராணி காலத்தது. அப்போது லூயி பாணிக்கு இங்கிலாந்தில் மறுபடி மவுசு வந்தது. அதைப் பார்த்து நம் நாட்டிலும் செய்தார்கள்.

நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். வெளியே தெரிகிற மரத்தை நம்ப வேண்டாம். ஈட்டி மரத்தை (ரோஸ்வுட்) லண்டனிலும் இழைத்தார்கள். இருக்கைக்கு அடியில் மறைந்திருக்கும் சட்டமும் தேக்கு என்றால் அநேகமாக இங்கே செய்தது. அங்கே அந்த இடத்துக்குப் பீச் போன்ற மலிவு மரம்தான்.

ஆட்டத்துக்குக் காரணம் பழைய வச்சிரப் பசை (விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் பசை) காய்ந்து பொடிந்தது. மூட்டில் வெந்நீர்த் துணியைச் சுற்றினால் பசை இளகும். மெல்ல அசைத்துக் கழற்றுங்கள். கழுந்திலும் (துளைக்குள் நுழையும் மரமுனை) துளையிலும் ஒட்டியிருக்கும் பழைய பசையைச் சுத்தமாகத் துடைத்து, ஒருநாள் காயவிடுங்கள். புது வச்சிரத்தை இரவு ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணம் வைத்து 60 டிகிரி அளவில் உருக்குங்கள். கொதித்தால் பிடிப்பு போய்விடும். சூடாகப் பூசிச் சேர்த்து, கயிற்றைச் சுற்றி முறுக்கி 24 மணி நேரம் விடுங்கள்.

வெள்ளைப் பசை பழைய வச்சிரத்தின் மேல் சரியாகப் பிடிக்காது. பிடித்துவிட்டாலோ அடுத்த முறை கழற்றும்போது கழுந்து முறியும். ஆணி அதைவிட மோசம். வளைகாலின் கணுக்காலில் மர ரேகை குறுக்கே வெட்டுப்படுவதால் அந்த இடம் ஏற்கெனவே பலவீனம். அங்கே ஆணி இறங்கினால் கால் பிளந்துவிடும்.

பூச்சை, மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். அதைச் சுரண்டாமல், மேலேயே மெல்லிய அரக்குப் பாலிஷ் இரண்டு கை போட்டால் போதும்.

கேள்வி: பழைய டிராயர் பெட்டியின் பித்தளைப் பூ வேலைகளைப் புளி போட்டுத் துலக்கலாமா?
– வாசகர், தருமபுரி

பதில்: கூடாது. குத்துவிளக்கு வேறு, இது வேறு. மேலே பொன்முலாமோ அரக்குப் பூச்சோ இருக்கும். புளி அரக்கை அரித்துவிடும், முலாமையும் மங்கவைக்கும். விளிம்பில் தேங்கும் புளிநீர் பச்சையாகி மரத்திலும் இறங்கும். மெல்லிய பிரஷ், உலர்ந்த பருத்தித் துணி, அவ்வளவுதான்.