கோல்ஃப் மைதானத்தில் 121 பேர்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில், தெற்கு டகோட்டா மாநிலத்தின் சூ ஃபால்ஸ் நகரில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பக்கத்து ஊரான கான்டனில் 'இந்தியன் காப்பகக் கல்லறை' என்று எங்கோ படித்ததும் நம்மூர்க்காரர்களோ என்று திடுக்கிட்டுவிட்டேன். மகன் சிரித்தான். நீங்கள் அங்கே போயிருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். கோல்ஃப் மைதானத்துக்கு நடுவில் இருக்கிறதாமே, உள்ளே விடுவார்களா? பூ கொண்டுபோகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இவர்கள் கொலம்பஸின் 'இந்தியர்கள்'. பூர்வகுடிகளுக்கென்றே அமெரிக்க அரசு நடத்திய மனநலக் காப்பகம் அது. முதல் கண்காணிப்பாளர் ஆஸ்கர் கிஃபோர்ட் மருத்துவரே அல்ல, அரசியல்வாதி. வலிப்பு நோயாளிகளைக்கூட அங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். 1929இல் ஆய்வுக்கு வந்த டாக்டர் சாமுவேல் சில்க், பூட்டிய அறைகளையும் நிரம்பி வழிந்த மலச்சட்டிகளையும் பார்த்து அறிக்கை எழுதினார். 1933இல் மறுபடி வந்தவர், உள்ளே இருப்பவர்களில் பலருக்கு மனநோயே இல்லை என்றார். அடுத்த ஆண்டு மூடிவிட்டார்கள்.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை. கோல்ஃப் மைதானத்தின் நான்காவது, ஐந்தாவது ஃபேர்வேக்களுக்கு (பந்தடித்துப் போகும் புல்வெளிப் பாதைகளுக்கு) இடையே மரக்கட்டை வேலி போட்ட ஒரு துண்டு நிலம் மட்டும் இருக்கிறது. அதற்குள் 121 பேர். தனித்தனிக் கல் கிடையாது. வீண் செலவு என்று அன்றைக்கே மறுத்துவிட்டார்கள். ஒரே நினைவுக்கல்லில் எல்லாப் பெயரையும் பிற்பாடு பொறித்திருக்கிறார்கள். வெறும் புல்தரை, எங்கே கால் வைத்தாலும் யாரையோ மிதிப்பது போலிருக்கும். நான் வேலியோரமாகவே நின்றுகொண்டேன்.

முதுகுக்குப் பின்னால் 'டக்'கென்று பந்தடிக்கும் சத்தம் கேட்டபோது கோபம் வந்தது உண்மை. அப்புறம் அது தணிந்துவிட்டது. இந்த மைதானத்துக்காரர்கள் புல்லாவது வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு கல்லுக்குக் காசில்லை என்று கோப்பில் எழுதிய அதிகாரியை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விளையாட வந்தவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

மைதானம் நகராட்சியுடையதுதான். இருந்தாலும் கிளப்பில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போவது நல்லது. யார் எந்தப் பக்கம் அடிக்கிறார்கள் என்று பார்த்துதான் கடக்க வேண்டும். நான் பார்க்காமல் குறுக்கே நடந்து ஒரு பெரியவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்!

பூ தாராளமாகக் கொண்டுபோகலாம். வேலியில் சின்னச் சின்னத் துணி முடிச்சுகள் தொங்கினால் தொடாதீர்கள், படமும் எடுக்க வேண்டாம். பூர்வகுடிகள் உள்ளே புகையிலை வைத்து முடிந்திருப்பார்கள். அவர்களுடைய படையல் அது. கடையில் வாங்கும் பூ என்றால் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தாளை காரிலேயே பிரித்துவிடுங்கள். அங்கே காற்று பலமாக அடிக்கும்.