'நல்லாப் பேசுறான்னு எழுதியிருந்தீங்களாமே!'

அன்புள்ள ஐயா,

உயர்நிலை 2க்குக் கணக்கு எடுக்கிறேன், வகுப்பாசிரியையும் நான்தான். ஆண்டிறுதி ரிப்போர்ட் புத்தகத்துக்கு 38 பிள்ளைகளைப் பற்றி ஆங்கிலத்தில் கருத்து எழுத வேண்டும். பத்துப் பேரைத் தாண்டியதும் 'பொட்டன்ஷியல் இருக்கிறது, இன்னும் முயலலாம்' என்றே கை ஓடுகிறது. பெற்றோர் இதையெல்லாம் படிக்கிறார்களா?

க., உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள க.,

படிக்கிறார்கள். 2019லிருந்து, வகுப்பில் எத்தனையாவது இடம் என்று ரிப்போர்ட் புத்தகத்தில் போடுவதில்லை. தேறாத மதிப்பெண்ணுக்கு அடிக்கோடும் கிடையாது. முன்பு அப்பாக்கள் அந்த இரண்டையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். இப்போது கண் உங்கள் மூன்று வரிக்குத்தான் வரும்.

ஆனால் பல வீடுகளில் அதை அம்மாவுக்குப் படித்துச் சொல்வது பையனேதான். நான் பள்ளியில் இருந்தபோது ஒருவனைப் பற்றி 'டாக்கட்டிவ்', அதாவது ஓயாமல் பேசுகிறவன், என்று எழுதினேன். பெற்றோர் சந்திப்புக்கு வந்த அவன் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நல்லாப் பேசுறான்னு எழுதியிருந்தீங்களாமே சார்!" பையன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. அப்படி இடம் விட்டு எழுதியது நான்.

அதன்பிறகு, எழுதியதை மனத்துக்குள் தமிழில் அந்த அம்மாவிடம் சொல்லிப் பார்ப்பேன். 'பொட்டன்ஷியல்' என்பதைச் சொல்லிப் பாருங்கள். "உள்ளுக்குள்ள என்னமோ இருக்கும்மா." அவர் கேட்பார்: "என்ன சார் இருக்கு?" அதற்கான பதிலைத்தான் எழுத வேண்டும். 'வழிமுறையைச் சரியாகப் போடுகிறான். கடைசி வரியில் அலகை விட்டுவிட்டு மதிப்பெண் இழக்கிறான். தாளைக் கொடுக்குமுன் அதை மட்டும் ஒருமுறை பார்க்கட்டும்.' இரவுச் சாப்பாட்டில் அம்மா கேட்கலாம், "யூனிட் போட்டியாடா?"

'சோம்பேறி' மட்டும் வேண்டாம். வீட்டுப்பாடம் எத்தனை தடவை வரவில்லை என்று எழுதுங்கள், அது நீங்கள் கண்டது. 'சராசரி மாணவன்' என்பதும் இனி ஒட்டாது. 2024ல் உயர்நிலை 1 சேர்ந்தவர்களிலிருந்து ஒரே பிள்ளை தமிழை ஜி3 என்ற உயர்ந்த நிலையிலும் கணக்கை அதற்கு ஒரு படி கீழான ஜி2லும் படிக்கலாம். பாடத்தின் பெயரைச் சொல்லியே எழுத வேண்டும்.

முப்பத்தெட்டையும் ஒரே வார இறுதியில் எழுத உட்கார்ந்தால் கை அப்படித்தான் ஓடும். மூன்றாம் தவணையிலேயே ஒரு நோட்டு போட்டு, நாளுக்கு இரண்டு பெயர், ஆளுக்கு ஒரு வரி. வகுப்பு முடிந்த சூட்டோடு எழுதிவிடுங்கள்.

எழுத எதுவுமே தோன்றாத ஐந்தாறு பெயர்கள் மிஞ்சும். பெரும்பாலும் நடு வரிசைப் பிள்ளைகள், தொந்தரவே தராதவர்கள். நாளை இடைவேளையில் கேன்டீனில் அவர்கள் பக்கம் போய் உட்காருங்கள்.